இரண்டு மணிக்கு மேல் இலவசம்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை நகலெடுக்கப் போயிருந்தேன். தாள் பாதி வெளியே வந்திருக்கும்போது மின்சாரம் போனது. மேசைக்கு அடியிலிருந்து யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் தெரிவதில்லை, வந்ததும் தெரிவதில்லை. அந்தப் பழைய யூ.பி.எஸ். அப்படியல்ல. முதலில் நிதானமாக, விட்டுவிட்டுக் கத்தும். பேட்டரி இறங்க இறங்க இடைவெளி குறையும். கடைசியில் விடாமல் கத்தி, தானும் அணைந்து கம்ப்யூட்டரையும் அணைத்துவிடும். கடைக்காரர் "சவத்த ஆஃப் பண்ணுலே" என்று பையனை விரட்டிக்கொண்டிருந்தார். என் கைவிரல் ரெண்டு, முன்னால் இல்லாத கீபோர்டில் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் தேடிக்கொண்டிருந்தன.

2008. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு பேச்சாக இருந்த வருஷம், என் விரல்கள் அந்தத் தேடலைப் பழகிய வருஷம். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். வீட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட், மாதம் 500 ரூபாய்த் திட்டம். பகலில் அளவு உண்டு. இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. அந்தக் காலத்தில் இன்டர்நெட் இருந்த வீடுகளில் இரண்டு மணிக்கு அலாரம் வைப்பது ஒரு பழக்கம். பலர் சினிமா இறக்க எழுந்தார்கள். நான் எழுந்தது, எண் கணக்குகளுக்கான நம்பை என்கிற பைத்தான் லைப்ரரிக்கு டாக்குமென்டேஷன் எழுத. மனைவியிடம் இதை விளக்கிச் சொல்ல முயன்று கைவிட்டுவிட்டேன். "ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு விளக்கம் எழுதுறேன்." "யாரு கேட்டா?" "யாரும் கேக்கல." "காசு?" "இல்ல." அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஃபிளாஸ்கில் கட்டன்சாயா மட்டும் வைத்துவிட்டுப் படுப்பாள்.

கதை எங்கள் எண்ணியல் முறை லேபில் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குச் சில லைசென்ஸ்கள்தான் இருந்தன. பிள்ளைகளோ வரிசையில் நின்றார்கள். உபுண்டு சி.டி.யை அப்போது கேட்டால் போதும், பைசா செலவில்லாமல் தபாலில் அனுப்பிவைப்பார்கள். அதைப் போட்டு, பைத்தானும் நம்பையும் ஏற்றிக் கொடுத்தேன். கணக்குகள் ஓடின, வேகமாகவே ஓடின. ஆனால் பிள்ளைகள் சந்தேகம் வந்து 'ஹெல்ப்' என்று அடித்தால் பல ஃபங்ஷன்களுக்கு ஒரே ஒரு வரிதான் வரும். என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், எதைக் கவனிக்க வேண்டும், ஒன்றும் இராது. உதாரணம் அதைவிட அபூர்வம்.

நம்பையை உண்டாக்கிய டிராவிஸ் ஆலிஃபன்டைக் குற்றம் சொல்ல முடியாது. நியூமெரிக், நம்அர்ரே என்ற இரண்டு பழைய லைப்ரரிகளாகப் பிரிந்து கிடந்த உலகத்தை ஒட்டவைத்து, 2006 அக்டோபரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட மனிதர் அவர். கூடவே 'கைடு டு நம்பை' என்று ஒரு புத்தகமும் எழுதினார். லைப்ரரி இலவசம், புத்தகத்துக்கு விலை, சுமார் 40 டாலர். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தவர் விளக்கத்துக்கு விலை வைப்பதில் என்ன இருக்கிறது? 2008-இல் அந்தப் புத்தகத்தையும் அவர் இலவசமாக்கிவிட்டார்.

எங்கள் லேபில் நடந்ததே அமெரிக்காவில் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலும் நடந்திருந்தது. ஜோ ஹாரிங்டன் என்ற வானியலாளர், மற்றச் சூரியன்களைச் சுற்றும் கோள்களை ஆராய்கிறவர், 2007-இல் தன் மாணவர்களுக்கு நம்பையை வைத்துத் தரவு ஆய்வு கற்பித்திருக்கிறார். விளக்கம் இல்லாமல் பிள்ளைகள் திணறியிருக்கிறார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் புலம்பினேன். அவர் பணம் தேடினார். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டை முழுநேர ஒருங்கிணைப்பாளராக அமர்த்தி, 2008 கோடையில் ஒரு டாக்குமென்டேஷன் மாரத்தானை அறிவித்தார். அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள் விளக்கங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆயிரம் சொல்லுக்கு மேல் எழுதுகிறவர்களுக்கு ஒரு டீ-சட்டை. உலகத்தின் கணக்கு வாத்தியார்களையெல்லாம் ஒரு டீ-சட்டை காட்டி இழுத்துவிடலாம் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

எழுதுவதற்கு ஒரு கருவியும் வந்தது. பின்லாந்தின் பௌலி விர்ட்டனனும் பிரான்சின் இம்மானுவேல் குயியாரும் செய்த பைடாக்வெப். அதுவரை விளக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தவேண்டுமென்றாலும் மூலநிரலை இறக்கி, மாற்றி, மாற்றத்தை மட்டும் பேட்ச் என்ற கோப்பாக எடுத்து அனுப்பவேண்டும். புரோகிராமர்களுக்கு அது கைவந்த வேலை. எங்கள் புள்ளியியல் பேராசிரியர் போன்றவர்களுக்கு? பைடாக்வெப் நிரலுக்குள் புதைந்துகிடந்த விளக்கங்களைத் தோண்டியெடுத்து, ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாகத் திறந்து வைத்தது. யாரும் பிரவுசரிலேயே திருத்தலாம். திருத்தியதை அது மறுபடி பேட்ச்சாக்கி நிரலுக்குள் சேர்க்கக் கொடுக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிலை உண்டு: எழுதவேண்டும், எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பார்வைக்குத் தயார், இன்னும் வேலை இருக்கிறது, பார்த்தாயிற்று, பிழைதிருத்தியாயிற்று. நிலை மாறினால் பட்டியலில் நிறமும் மாறும். இரண்டு மணிக்கு எழுந்ததும் முதல் வேலை, நேற்று விட்டுவந்த பக்கம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது.

நேரம் ஒரு வகையில் வாய்ப்பாக அமைந்தது. இங்கே இரவு இரண்டு என்றால் ஃபுளோரிடாவில் மாலை நாலரை, தென்னாப்பிரிக்காவில் இரவு பத்தரை, ஹெல்சின்கியில் பதினொன்றரை. எல்லோரும் விழித்திருக்கிற நேரம். முன்னிரவிலேயே ஜிஎடிட் என்ற எடிட்டரில் எழுதிவைத்துக்கொள்வேன். யூ.பி.எஸ். கத்தினால் உடனே சேமிப்பேன். இரண்டு மணிக்கு ஒட்டுவேன். மூன்று மணிக்குள் யாராவது ஒருவர் வந்து வெட்டுவார்.

வெட்டுவார்கள் என்றால் சாதாரண வெட்டு இல்லை. முதல் வரி ஒரே வரிதான் இருக்கவேண்டும். அதில் ஃபங்ஷனின் பெயரும் வரக்கூடாது, உள்ளே கொடுக்கும் மாறிகளின் பெயரும் வரக்கூடாது. யோசித்துப் பாருங்கள், திட்ட விலக்கம் கண்டுபிடிக்கிற ஃபங்ஷனுக்கு "திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்கும்" என்று எழுதுவதுதான் மனித இயல்பு. அதை மட்டும் எழுதக்கூடாது! எதன் திட்ட விலக்கம், எந்த அச்சில் என்று சொல்லவேண்டும். ஒரு வரி 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. பிறகு கொடுப்பவை, திரும்புபவை, 'இதையும் பார்க்க', குறிப்புகள், உதாரணங்கள் என்று தலைப்புகள் அதே வரிசையில் வரவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வரிசை ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று கோடு போட்டு எழுதி வளர்ந்தவர்கள் அல்லவா.

உதாரணம் எழுதுவதுதான் பெரும்பாடு. விளக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிவிடலாம்; உதாரணம் ஓடிக் காட்டவேண்டும். டிம் பீட்டர்ஸ் எழுதிய டாக்டெஸ்ட் என்ற கருவி, விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, நாம் எழுதிய விடையும் வந்த விடையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒரு இடைவெளி கூடினாலும் அதற்குத் தவறுதான். என் மாணவன் ஒருவன் 'அரேஞ்ச்' ஃபங்ஷனுக்கு உதாரணம் தேடும்போது 1-இலிருந்து 1.3 வரை, 0.1 இடைவெளியில் எண்களைக் கேட்டான். முடிவெண் வரிசையில் சேராது என்பது விதி. ஆகவே 1, 1.1, 1.2 வரவேண்டும். திரையில் 1.3-உம் சேர்ந்து வந்தது. "சார், விளக்கம் பொய் சொல்லுது" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான். லேபே கூடிவிட்டது.

பொய் இல்லை. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, இடைவெளியால் வகுத்து, வருவதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் அதுதான் எண்களின் எண்ணிக்கை. கம்ப்யூட்டருக்குள் 0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது, 1.3-இலிருந்து 1 கழித்தால் 0.3-ஐவிட இம்மியளவு கூடுதலாக வரும். வகுத்தால் 3-ஐவிட இம்மி கூடுதல். மேல்நோக்கினால் 4. அன்று கரும்பலகையில் அந்த இம்மியை எழுதிக் காட்டியபோது, ஒரு செமஸ்டர் முழுக்க நடத்திய மிதவைப் புள்ளிப் பாடம் அவர்களுக்கு ஒரே நொடியில் புரிந்தது. பின்ன இடைவெளி என்றால் லின்ஸ்பேஸ் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துவது நல்லது என்ற எச்சரிக்கை நம்பை விளக்கத்தில் இன்றும் இருக்கிறது. அந்தப் பையனைப் போல உலகம் முழுக்க எத்தனை பேர் ஓடிவந்திருப்பார்களோ.

எல்லாம் அறிந்தவர்கள் விளக்கம் எழுதக்கூடாது என்ற முடிவுக்கு நான் வந்தது அந்தக் கோடையில்தான். ஃபங்ஷனை எழுதியவருக்கு எது புரியாது என்பதே புரியாது. நம்பையில் எண்களின் அடுக்குக்கு அர்ரே என்று பெயர். ஒரு அர்ரேயிலிருந்து ஒரு துண்டை எடுத்து மாற்றினால் மூல அர்ரேயும் மாறிவிடும். துண்டு என்பது நகல் அல்ல, அதே நினைவகத்தின் மீது இன்னொரு பார்வைதான். எழுதியவர்களுக்கு இது காற்றைப் போல, கண்ணில் படாது. என் மாணவி ஒருத்திக்கு இதனால் ஒரு மாலை முழுக்கப் போனது. மதிப்பெண் பட்டியலில் ஒரு வரிசையை எடுத்துக் கருணை மதிப்பெண் போட்டுப் பார்த்தாள். மூலப் பட்டியலிலும் அந்தப் பையன் பாஸாகிவிட்டான். அவளையே உட்காரவைத்து, குழம்பிய வரிசையிலேயே எழுதச் சொன்னேன். அவ்வளவு தெளிவான குறிப்பை என்னால் எழுதியிருக்க முடியாது. கோபம் ஆறுவதற்குள் எழுதியது அல்லவா.

இனி எங்கள் புள்ளியியல் பேராசிரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வுபெற ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். ஒரு நாள் என் மாணவர்கள் அவர் வகுப்பில் நம்பையில் போட்ட விடையைக் காட்டியிருக்கிறார்கள். 1, 2, 3, 4, 5-க்குத் திட்ட விலக்கம் 1.414. அவர்கள் கையிலிருந்த கேசியோ கால்குலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் 1.414, பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் 1.581. முதலாவது மொத்த எண்ணிக்கையால் வகுப்பது. இரண்டாவது ஒன்றைக் குறைத்து வகுப்பது. கையில் இருப்பது மாதிரிதான், முழுத் தொகுதி இல்லை என்றால் புள்ளியியல்காரர்களுக்கு இரண்டாவதுதான் வழக்கம். நம்பை சொல்லாமல் விட்டால் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

லேபுக்கே வந்துவிட்டார். "யாரு தம்பி இத எழுதுனது? ஒண்ணக் கொறைக்காம வகுத்து வச்சிருக்கான்."

"ஒண்ணக் கொறைக்கவும் வழி இருக்கு சார். டீ-டீ-ஓ-எஃப்னு ஒரு எண்ணு, அதுக்கு ஒண்ணு குடுத்தா கொறைச்சுரும்."

"அது பிள்ளையளுக்கு எப்பிடித் தெரியும்? எங்க எழுதியிருக்கு?"

விளக்கம் அந்த இடத்தில் போதாது என்று காட்டினேன். நீங்களே எழுதலாம் என்றேன். நம்பவில்லை. அமெரிக்காக்காரன் சாமானத்தில் நாம் எப்படிக் கை வைப்பது என்று கேட்டார். கை வைக்கலாம், வைத்த கையை அவர்கள் தட்டியும் விடலாம் என்றேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு வாரம் மதிய இடைவேளை எங்களுக்குக் கிடையாது. மட்டிப்பழச் சீப்பு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அவருடைய ஆங்கிலம் 1960-களின் பாடப்புத்தக ஆங்கிலம். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு அரைப்புள்ளி வரும். பக்கத்தைச் சரிபார்க்கிறவர்கள் அதை மூன்றாக உடைப்பார்கள். மறுநாள் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சிவப்பு மையால் பாதியைத் திரும்பச் சேர்ப்பார். அன்றிரவு அவர்கள் மறுபடி உடைப்பார்கள். முகம் தெரியாத இரண்டு தரப்புக்கும் நடுவில் நான் தூது. ஒருமுறை தென்னாப்பிரிக்க நேரத்தில் ஒருவர், இந்தப் பத்தியை எழுதியவர் புள்ளியியல் படித்தவரா என்று கேட்டிருந்தார். "முப்பது வருஷமா படிப்பிக்கேன்னு எழுது" என்றார் இவர். எழுதினேன். அதற்குப்பின் வாக்கியத்தை உடைத்தார்களே தவிர, கருத்தில் கை வைக்கவில்லை.

2008 செப்டம்பரில் நம்பை 1.2 வந்தது. மாரத்தானில் எழுதியவற்றில் பெரும்பகுதி அதோடு சேர்ந்து உலகமெங்கும் போயிற்று. எங்கள் கல்லூரியில் அதே பருவத்தில் சுயமதிப்பீட்டுப் படிவம் சுற்றுக்கு வந்தது. சர்வதேச ஆய்விதழ், தேசிய ஆய்விதழ், கருத்தரங்கு, ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் கூடிய நூல் என்று கட்டங்கள். நாங்கள் எழுதியது எந்தக் கட்டத்திலும் நுழையவில்லை. அலுவலகத்து ஹெட் கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "இதரன்னு கீழ ஒரு கோடு இருக்குல்லா, அதுல எழுதும்" என்றார். எழுதினேன். மதிப்பெண் கிடையாது. இன்றும் கிடையாது என்றே கேள்வி. ஒரு பக்கத்தை இலட்சம் பேர் படித்துக் காரியம் செய்தாலும் அதற்கு எண் இல்லை. நாலு பேர் படிக்காத கட்டுரைக்கு எண் உண்டு.

2009 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், அறிவியல் கணக்குகளுக்குப் பைத்தானைப் பயன்படுத்துகிறவர்களின் முதல் சைபை இந்தியா மாநாடு நடந்தது. எங்களுக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம். பயனர் பெயராக மட்டும் தெரிந்திருந்த சிலரை அங்கேதான் முகமாகப் பார்த்தேன். இரவில் சண்டைபோட்ட ஒருவரோடு பகலில் சோறு உண்பது விநோதமான அனுபவம். முதல் கவளம் வரை இருவருக்குமே பேச்சு வரவில்லை. பிறகு 'இதையும் பார்க்க' பகுதியில் எத்தனை ஃபங்ஷன்களைச் சேர்க்கலாம் என்பதில் தொடங்கி, பாயசம் வரும்வரை அதே சண்டை.

அடுத்த வருஷம் நம்பை, நிரல்களை வைத்துப் பலர் சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்துக்குக் குடிபெயர்ந்தது. மெல்ல மெல்ல பைடாக்வெப்பின் காலம் முடிந்தது. இப்போது எல்லாமே புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை. அனுப்பியதும் இயந்திரங்கள் சோதித்துச் சிவப்போ பச்சையோ காட்டுகின்றன. பாண்டாஸ் என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரிக்காரர்கள் 2018 மார்ச்சில் பல நாட்டு நகரங்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்து விளக்கம் எழுதவைத்தார்கள்; கூட்டமாக உட்கார்ந்து எழுதுவதும் ஒரு சுகம்தான். கூகுளின் சீசன் ஆஃப் டாக்ஸ் திட்டத்தின் மூலம் டாக்குமென்டேஷன் எழுதுகிறவர்களுக்குக் காசும் கிடைத்தது. நம்பை தன் விளக்கங்களைப் பயிற்சிப் பாடம், செய்முறை, உசாத்துணை, விளக்கவுரை என்று நான்காகப் பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டது. நல்ல ஏற்பாடு. எங்கள் காலத்தில் நான்கையும் ஒரே பக்கத்துக்குள் திணித்துவிட்டு, வாசகன் பாடு என்று போய்விடுவோம்.

டாக்டெஸ்டின் இடைவெளிப் பிடிவாதம் மட்டும் போகவில்லை. 2018 தொடக்கத்தில் வந்த நம்பை 1.14 பதிப்பில், நேர்ம எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறிக்காக விட்டிருந்த ஒரு வெற்றிடத்தை எடுத்துவிட்டார்கள். அச்சிடுவதில் செய்த மாற்றங்களில் அதுவும் ஒன்று. ஊரெங்கும் லைப்ரரிகளின் உதாரணங்கள் தோற்றுப் போயின. பழைய மாதிரியே அச்சிடவும் ஒரு வழி வைக்கவேண்டியதாயிற்று. 2024-இல் 2.0 வந்தபோது தனி எண்களுக்கு முன்னால் அவற்றின் வகைப்பெயரும் சேர்ந்து அச்சாக, மறுபடியும் அதே கதை. இப்போது பிள்ளைகள் ஹெல்ப்பும் அடிப்பதில்லை, பக்கத்தையும் திறப்பதில்லை; செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். அது தருகிற பதிலில் சிலசமயம் அந்தக் காலத்து உதாரணங்கள் அப்படியே வருகின்றன, எடுத்துவிட்ட வெற்றிடத்தோடு. பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பேராசிரியர் ஓய்வுபெற்ற பிறகும் அவ்வப்போது லேபுக்கு வருவார். ஒருமுறை தன் பக்கத்தைக் காட்டச் சொன்னார். திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். அவருடைய பத்தி அங்கே இல்லை. யாரோ சுருக்கி, வேறு மாதிரி எழுதியிருந்தார்கள்.

"கை வச்சுட்டானுவ" என்றார்.

"யாரும் வைக்கலாம்லா சார். நாம வச்ச மாதிரிதான்."

பதில் சொல்லாமல் படித்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார். ஒன்றைக் குறைத்து வகுத்தால் மாறுபாட்டின் மதிப்பீடுதான் சார்பற்றது. அதற்கு வர்க்கமூலம் எடுத்துக் கிடைக்கும் திட்ட விலக்கம் அப்போதும் சார்பற்றதாகிவிடாது என்று அந்தக் குறிப்பில் இருந்தது. பாடப்புத்தகங்களிலேயே பலர் தாண்டிப் போகிற நுணுக்கம். இரண்டாம் தடவை வாய்விட்டுப் படித்தார்.

"வெவரம் தெரிஞ்சவன் எழுதியிருக்கான், கேட்டியா. பேரு எங்க?"

"பக்கத்துல பேரு போட மாட்டாங்க சார்."

"போடாட்டாப் போட்டும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார்பு போகலன்னு சொன்னவன், சார்பில்லாம வேணும்னா என்ன செய்யணும்னு சொல்ல வேண்டாமா? நார்மல் பரவலா இருந்தா அதுக்கு ஒரு திருத்தம் இருக்குல்லா, எண்ணிக்கையப் பொறுத்து மாறும். எழுதிக்கோ, சொல்லுதேன்."